கலியாணவீட்டுக் கசற்றும் செம்மணியும்

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பின்னேரம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்துக்குப் போயிருந்தேன். அகழ்வின்போது எலும்புகளோடு வெளியே வந்த உடுப்புகள், செருப்புகள், வளையல்கள் முதலானவற்றை மக்கள் பார்த்து அடையாளம் காட்டலாம் என்று நீதிமன்றம் அனுமதித்திருந்த நாள் அது. நான் செய்திக்காகப் போனேன். எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி என்னோடு ஓட்டோவில் வந்தார். அவருடைய இளைய மகன் 1996இல், 19 வயதில், சைக்கிளில் போன வழியில் ஒரு காவலரணில் மறிக்கப்பட்டவர். அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

அன்ரி வரிசையில் நின்று உள்ளே போனார். ஒவ்வொரு துணியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அழவில்லை. ஓட்டோவில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்.

“எல்லாம் மண் நிறமாய்க் கிடக்குது பிள்ளை. அவன் போட்டுக்கொண்டு போனது நீலச் சேட். உதுக்குள்ள நீலத்தை எங்க தேடுறது?”

கொஞ்சத் தூரம் போனதும் இன்னொன்று கேட்டார்.

“உன்ரை சித்தியின்ரை கலியாணவீட்டுக் கொப்பி கனடாவில இருந்து வந்ததெண்டு அம்மா சொன்னவ. அதுக்குள்ள அவன் நிக்கிறானோ?”

அந்தக் கொப்பி இரண்டு வருடங்களாக என் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறு வயதில் பட்டுப்பாவாடையோடு ஓடித் திரியும் என்னைத்தான் அதில் தேடிப் பார்த்தேன். நான் ஊடகக் கற்கை படித்தவள். காட்சி ஆவணங்களின் முக்கியத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதியவள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தாயின் மகன் அதற்குள் இருக்கக்கூடும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

செம்மணி என்ற பெயர் எங்கள் காதில் விழத் தொடங்கியது 1998இல். கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ஷ, அந்தப் பகுதியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. பிறகு கால் நூற்றாண்டு அமைதி. 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. மே மாதம் அகழ்வு தொடங்கியது. இதுவரை அடையாளம் காணப்பட்ட மனித என்புத் தொகுதிகள் 200ஐத் தாண்டியிருக்கின்றன. நான்கைந்து வயதுப் பிள்ளை ஒன்றின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப்பையும் பொம்மையும் கிடந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படம் வந்த நாளிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பையோடு, அந்தப் பொம்மையோடு அந்தப் பிள்ளை உயிரோடு நின்ற படம் எங்காவது இருக்குமா? இருந்தால் அது யாருடைய வீட்டில், எந்த நாட்டில் இருக்கும்?

போர்க்காலத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்தவர்கள் பலர். புலிகளின் நிதர்சனம் பிடித்தது. ‘ஒளிவீச்சு’ என்று வீடியோ சஞ்சிகையே வெளியிட்டது. அரச தொலைக்காட்சி பிடித்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வந்து பிடித்தார்கள். கடைசியில் 2009இல் முள்ளிவாய்க்காலில் கைத்தொலைபேசிகள் பிடித்தவற்றை உலகம் பார்த்தது. இவை எல்லாவற்றிலும் பிள்ளை ஏதோ ஒன்றுக்குச் சாட்சியாகத்தான் நிற்கும்: வீரத்துக்கு, விடுதலைக்கு, அழிவுக்கு. பிள்ளை சும்மா பிள்ளையாக, பலகாரத் தட்டைக் களவாகத் தொடும் பிள்ளையாக நிற்பது கலியாணவீட்டு வீடியோவிலும், சாமத்தியவீட்டு வீடியோவிலும், முதலாம் பிறந்தநாள் வீடியோவிலும்தான். அவற்றைப் பிடித்தவர்கள் எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர்கள். பிடிக்கச் சொன்னவர்கள் குடும்பத்தவர்கள். பார்க்கக் காத்திருந்தவர்கள் வெளிநாட்டில் இருந்த மாமாவும் பெரியப்பாவும்.

அந்த வீடியோக்கள் எப்படி உருவாகின என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலுக்குத் தடை. பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். அந்தக் காலத்தில் ஒரு வீடியோக்காரர் கலியாணவீட்டுக்கு வருகிறார் என்றால், கமெராவோடு ஜெனரேற்றரும் வரவேண்டும். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அதைத் தொடக்கக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். எங்கள் சித்தியின் கலியாணம் 1994 வைகாசியில். மாமா கனடாவிலிருந்து அனுப்பிய காசில் கூறைக்கு எவ்வளவு போனது என்று அம்மாவுக்கு இப்போது நினைவில்லை. ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தேடி அப்பா மூன்று நாள் அலைந்தது நன்றாக நினைவிருக்கிறது.

இவ்வளவு பாடும் ஏன்? சித்தியின் அண்ணன் தங்கையின் தாலிகட்டைப் பார்க்கவேண்டும் என்பதற்காக. அண்ணனோ தம்பியோ இல்லாமல் நடந்த கலியாணங்கள் அப்போது எத்தனை! மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியவர் ரொறன்ரோவில் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் வீடியோக்காரர் வரிசையில் நின்ற ஒவ்வொருவருடைய முகத்துக்கும் கமெராவைக் கொண்டு போனார். நகரத்துக் கலியாண வீடியோக்கள்போல பொம்பிளை மாப்பிள்ளையை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. கிணற்றடி, புதிதாகக் கட்டிய மதில், ஷெல் விழுந்து ஓடு போன கூரை, பாயில் படுத்திருக்கும் அப்பாச்சி, காய்ச்சுகிற இடம், பந்தி, ஊர்ப் பிள்ளைகள் எல்லாமே இருக்கின்றன. மாமாவுக்கு ஊரையே சுருட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

கசற் போன வழியும் லேசானதல்ல. ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்தது. கொழும்புக்குப் போன ஒரு சொந்தக்காரர் துணி மடிப்புக்குள் வைத்து, கிளாலியால் இரவில் படகேறி, வன்னிக்குள்ளால் வவுனியா வந்து, சோதனைச் சாவடியில் ‘கலியாணப் படம்’ என்று விளங்கப்படுத்தி, கொழும்பிலிருந்து தபாலில் போட்டார். கனடாவில் போய்ச் சேர்ந்த கசற்றை மாமா டெக்கில் போட்டால் கோடு கோடாக ஓடியதாம். இலங்கைக் கசற் பால் முறையில் பதியப்பட்டது. வட அமெரிக்காவில் என்ரிஎஸ்சி முறை. ஸ்கார்புரோவில் ஒரு தமிழ்க்கடையில் காசு கொடுத்து மாற்றிய பிறகுதான் தங்கையின் தாலிகட்டைப் பார்த்திருக்கிறார். மாமா அதைச் சொல்லும்போது சிரிப்பார். அந்தக் கடையில் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கசற்றோடு வரிசை நிற்குமாம்.

வீடியோவில் 52ஆவது நிமிடத்தில் ஒரு இடம் உண்டு. மணவறைக்குப் பின்னால் பெண்கள் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே பார்க்கிறார்கள். கமெரா ஒலிவாங்கியில் பொம்மர் இரைச்சல் மெல்லக் கேட்கத் தொடங்குகிறது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் கூட்டுகிறார். பிள்ளைகள் நாலைந்து பேர் வளவுக்குப் பின்னால் பங்கரை நோக்கி ஓடுகிறோம். என் பாவாடையை நான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறேன். பயந்த முகமாக இல்லை. ஓட்டப்போட்டியில் ஓடுகிற முகம். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் போகிறது. அடுத்த காட்சியில் நான் பங்கர் வாசலில் இருந்து கொழுக்கட்டை சாப்பிடுகிறேன். ‘போர்ச்சூழலில் வளர்ந்த சிறுவர்களின் உளநிலை’ பற்றி நான் வாசித்த எந்த அறிக்கையிலும் அந்தக் கொழுக்கட்டை இல்லை. பயம் இருந்தது, உண்மைதான். பயத்தோடு விளையாடவும் பழகியிருந்தோம் என்பதை எனக்கு நானே மறந்திருக்கிறேன். கசற் மறக்கவில்லை.

சித்தியின் கலியாண வீடியோவுக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஊரில் இருந்த பிரதி 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வின்போது அலுமாரியோடு விடப்பட்டது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கசற்றும் இல்லை. வெளியே போன பிரதிதான் தப்பியது. இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமல்ல என்று பலரிடம் கேட்டபோது விளங்கியது. வலிகாமத்தில் இருந்தவை 95இல் போயின. முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்தவற்றில் ஒரு பங்கு 2004 சுனாமியில் போனது. வன்னியில் இருந்தவை 2008க்கும் 2009க்கும் இடையில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான பாதையில், ஒவ்வொரு இடப்பெயர்விலும் பாரம் குறைக்கக் குறைக்கப் போயின. சிலர் பிளாஸ்ரிக் வாளிக்குள் போட்டு மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு தோண்டி எடுத்தவர்களில் ஒருவர் எனக்குக் காட்டினார்: நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம், ஒன்றோடொன்று ஒட்டிப்போய்.

மண்ணும் கடலும் எடுத்தவற்றைவிட நாங்களே அழித்தவை அதிகமாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. சோதனை என்ற சொல் காதில் விழுந்தாலே அல்பம் அடுப்புக்குப் போன வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு கலியாணவீட்டுக்குச் சீருடையோடு யாராவது வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் போதும். மூன்று மணித்தியாலக் கசற்றும் ஆபத்தான பொருளாகிவிடும். 1979இல் தற்காலிகமாக என்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்றும் இருக்கிறது. நீக்குவோம் என்று வாக்குறுதி அளித்து வந்த அரசாங்கத்தின் கீழும் இருக்கிறது. முகநூலில் ஒரு படம் போட்டதற்காகக் கைதான இளைஞர்களின் செய்திகளை நானே எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம்.

யாழ்ப்பாண நகரில் பழைய கசற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு கடைக்காரர் சொன்னார், ஓடர் எடுக்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, “உதுக்குள்ள வெட்ட வேண்டியது ஏதும் இருக்கோ?” என்பதுதானாம். பலர் ஓம் என்கிறார்கள். அவர் வெட்டிக் கொடுக்கிறார். மூலக் கசற்றை என்ன செய்வது என்று கேட்டால், எறிந்துவிடச் சொல்கிறார்கள். எங்கள் கசற்றில் அப்படி வெட்டவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இருந்தாலும் எழுதமாட்டேன், இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஒரு கலியாணவீட்டுப் படத்தைப் பற்றி இப்படி எழுதவேண்டியிருக்கிறது.

செம்மணியோடு இந்தக் கசற்றுகளுக்கு உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது.

அன்ரியிடம் மகனின் படம் ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைக்காக 16 வயதில் எடுத்தது. அதைத்தான் பெருப்பித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, போராட்டங்களுக்குக் கொண்டு போகிறார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் தாய்மார் வைத்திருக்கும் படங்களை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பெரும்பாலானவை அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ எடுக்கப்பட்டவை. நேரே பார்க்கும் கண்கள். மூடிய வாய். ஸ்ரூடியோக்காரர் “சிரிக்காதையுங்கோ” என்று சொல்லி எடுத்த படங்கள்.

எலும்பு மட்டும் மிஞ்சிய ஒருவரை அடையாளம் காண்பதில் பல்வரிசைக்குப் பெரிய இடம் உண்டு. பல் வைத்தியரின் பதிவு இருந்தால் நல்லது. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் பல் கொதித்தால் கராம்பு வைத்தோம்; யாரிடம் பதிவு இருக்கப்போகிறது? அப்படியான பதிவு இல்லாத இடங்களில், ஆள் சிரித்தபடி நிற்கும் படங்களைத் தடயவியல் பல் மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். முன்பல் ஒன்று உடைந்திருக்கலாம், இடைவெளி இருக்கலாம், ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனைதான் உறுதி செய்யும். ஆனால் 200க்கு மேற்பட்ட தொகுதிகளில் எங்கே தேடத் தொடங்குவது என்று சொல்ல அது உதவும். மரபணுவுக்கு இரத்தம் கொடுக்கவேண்டிய தாய்மாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கலியாணவீட்டு வீடியோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அதுதான் விடயம்.

அன்றிரவு நான் 2 மணித்தியாலம் 52 நிமிடத்தையும் திரும்பப் பார்த்தேன். இந்த முறை என்னைத் தேடவில்லை. அன்ரியின் மகன் நான்கு இடங்களில் வருகிறார். எல்லாம் சேர்த்து 41 விநாடி. இரண்டு இடங்களில் முதுகு மட்டும். ஒரு இடத்தில் வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு கமெராவைக் கடக்கிறார். நான்காவது இடத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறார். வீடியோக்காரர் ஏதோ பகிடி விட்டிருக்கவேண்டும். நிமிர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். மேல்வரிசையில் இடதுபக்கம் ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. சேட்டின் நிறத்தை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. பாலிலிருந்து என்ரிஎஸ்சி, அதிலிருந்து டிவிடி, டிவிடியிலிருந்து கோப்பு என்று பிரதியின் பிரதியாக வந்ததில் நீலமும் பச்சையும் ஒன்றாகிவிட்டன. வீஎச்எஸ் நாடா முதலில் இழப்பது நிறத்தைத்தான்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு அந்தத் துண்டை அனுப்பி, மூலக் கசற் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் நல்ல மனதோடு ஒரு வேலை செய்தான். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு, ‘துலக்கி’ அனுப்பினான். பளிச்சென்று இருந்தது. சேட் நல்ல நீலம். முகத்தில் ஒரு புள்ளி இல்லை. பல்வரிசை நேராக இருந்தது. ஏறியிருந்த பல்லைச் செயலி திருத்திவிட்டது! அது படத்தில் இருப்பதைத் துலக்குவதில்லை. இப்படி ஒரு முகத்தில் என்ன இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. சேட்டின் நீலமும் அது போட்ட நீலம்தான். புலம்பெயர் நாடுகளில் பழைய குடும்ப வீடியோக்களை இப்படித் துலக்கி யூரியூப்பிலும் ரிக்ரொக்கிலும் போடும் பழக்கம் பெருகி வருகிறது. பார்க்க ஆசைதான். துலக்கியதும் பழையதை அழித்துவிடுகிறார்கள் என்பதுதான் பயம்.

மூலக் கசற் இருக்கிறது. மாமாவின் நிலக்கீழ் அறையில், தண்ணீர் சூடாக்கிக்குப் பக்கத்தில், ஒரு பெட்டிக்குள். அதோடு இன்னும் பதினொரு கசற் இருக்கிறதாம். ஓட்டிப் பார்க்க டெக் இல்லை. உலகில் கடைசியாக வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. காந்த நாடாவில் உள்ளவற்றை 2025 அளவில் மாற்றி முடிக்காவிட்டால் பெரும்பகுதியை மீட்க முடியாமல் போகும் என்று யுனெஸ்கோவும் ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019இல் எச்சரித்திருந்தன. நாடாவும் பழுதாகிறது, ஓட்டும் இயந்திரமும் திருத்தத் தெரிந்தவர்களும் இல்லாமல் போகிறார்கள். எச்சரித்த வருடம் வந்தேவிட்டது.

இன்னொரு வகைக் கசற்றுகள் இருக்கின்றன. இவை பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பத்துப் பதினைந்து வருடம் ஊரைக் காணாதவர்கள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் கையில் ஹன்டிகாமோடு வந்தார்கள். வன்னியில் சொந்தக்காரர் வீட்டு முற்றங்கள், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிகள், குளத்தில் குளிக்கும் பிள்ளைகள், எல்லாவற்றையும் சின்னஞ்சிறு மினிடிவி கசற்றுகளில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு வருடம் கழித்து, அந்த முற்றங்களில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தார்கள்? 2009 மே மாதம் பெற்றோரோடு சரணடைந்து காணாமலாக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்த யாரோ ஒரு மாமாவின் கசற்றில் அவர்கள் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அந்த மாமாவுக்கு அது தெரியாது. அவர் அதைத் தன்னுடைய சுற்றுலாப் படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இது வெறும் ஆசைக் கற்பனை அல்ல என்பதற்குப் போலந்திலிருந்து ஓர் உதாரணம். நியூயோர்க்கில் வாழ்ந்த டேவிட் கேர்ட்ஸ் 1938இல் ஐரோப்பாவுக்கு விடுமுறைக்குப் போனபோது, நஷெல்ஸ்க் என்ற ஊரில் மூன்று நிமிடமளவில் படம் பிடித்தார். தெருவில் கமெராவைப் பார்த்து முண்டியடிக்கும் பிள்ளைகள், தொப்பி போட்ட பெரியவர்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் ஏறத்தாழ 3,000 யூதர்கள் இருந்தார்கள்; போரின் பின் உயிரோடு மிஞ்சியவர்கள் நூறு பேருக்கும் குறைவு. 2009இல் பேரன் கிளென் கேர்ட்ஸ் அந்தச் சுருளைப் பெற்றோரின் வீட்டு அலுமாரியில் கண்டெடுத்து, வாஷிங்டனில் உள்ள ஹோலோகோஸ்ட் நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர்கள் அதைச் சீர்செய்து இணையத்தில் போட்டார்கள். ஒரு பெண் அதில் 13 வயதுச் சிறுவனாக நிற்கும் தன் பாட்டனாரைக் கண்டார். பாட்டனார் உயிரோடு இருந்தார். அவர் இன்னும் சிலருக்குப் பெயர் சொன்னார். பியாங்கா ஸ்டிக்டர் அந்த மூன்று நிமிடத்தை மட்டும் வைத்து ஒரு முழு ஆவணப்படம் செய்திருக்கிறார்.

அங்கே ஓர் அருங்காட்சியகம் இருந்தது. எங்களுக்கு? காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி உருவானது. தகவல் சேகரித்து ஒரு தரவுத்தளத்தில் சேர்ப்பது அதன் கடமைகளில் ஒன்று. இரகசியமாகக் கொடுக்கப்படும் தகவலைப் பாதுகாக்கும் ஏற்பாடும் சட்டத்தில் உண்டு. ஆனால் வீதியில் இருக்கும் தாய்மார் அந்த அலுவலகத்தை நிராகரித்து வருடக்கணக்காகிறது. காரணங்களை அவர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. ஆவணகம் என்ற தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறது. அது பெரிய வேலை. ஆனால் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும் காப்பகமும், ஒரு வழக்குக்காகப் பூட்டி வைக்கவேண்டிய சான்றும் ஒன்றல்ல. சாமத்தியவீட்டு வீடியோவில் நிற்கும் பெண்பிள்ளை இன்று நாற்பது வயதுப் பெண். அவரிடம் கேட்காமல் யாரும் அதை இணையத்தில் போட முடியாது, போடவும் கூடாது.

ஒரு முடிச்சு எனக்கு இன்னும் அவிழவில்லை. கசற்றை வெட்டாமல் கொடுத்தால், அதில் நிற்கும் வேறு யாருக்காவது வில்லங்கம் வரலாம். வெட்டிக் கொடுத்தால், ‘வெட்டிய படம்’ என்று சான்றின் பெறுமதி போய்விடும். மூலத்தைக் கனடாவிலேயே வைத்து, 41 விநாடிக்கு மட்டும் சத்தியக் கடதாசியோடு ஒரு பிரதி கொடுக்கலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். மற்றொருவர், மூலத்தைக் காட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். பாதிக்கப்பட்டவர் தரப்புச் சட்டத்தரணிகளும் புலம்பெயர் அமைப்புகளும் கூடி இதற்கு ஒரு நடைமுறையை வகுத்தால், செம்மணிக்கும் இனி வரப்போகும் புதைகுழிகளுக்கும் உதவும். அதுவரை, வெளிநாட்டில் இதை வாசிப்பவர்கள் யாராவது இருந்தால், நிலக்கீழ் அறைக்கு இறங்கி அந்தப் பெட்டியைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலிருந்தாவது நகர்த்தி வையுங்கள். கசற்றின்மேல் எந்த ஊர், எந்த வருடம், யார் வீடு என்று எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கும்போதே எழுதுங்கள்.

அன்ரிக்கு வீடியோவைக் காட்டியது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மடிக்கணினியை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மூத்த மகளும் வந்திருந்தார். முதுகு தெரியும் இடத்திலேயே அன்ரி கண்டுவிட்டார். “உந்தச் சேட் தமையன்ரை. கேக்காமல் போட்டிருக்கிறான்” என்றார். வாழைக்குலைக் காட்சியில் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பார் வாளிக் காட்சி வந்ததும், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று சிரிக்கும் இடத்தில் நிறுத்தினேன்.

“நிப்பாட்டாதை பிள்ளை. நிண்டுகொண்டிருக்கிற படம் என்னட்டை இருக்கு. ஓடவிடு.”

ஓடவிட்டேன். திரும்பத் திரும்ப, எத்தனை தரம் என்று தெரியாது. பல்லைப் பற்றி நான்தான் கேட்டேன். ஏழு வயதில் கொய்யா மரத்தால் விழுந்ததென்று அன்ரி சொன்னார். மகள் இல்லை என்றார். பால்பல் விழமுதல் முளைத்த பல்லாம். இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றி வாக்குவாதப்பட்டார்கள். நான் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு அன்ரி தன்னுடைய போனை நீட்டினார். அதில் இடம் இல்லை. மரண அறிவித்தல்களையும் காலை வணக்கப் படங்களையும் ஒவ்வொன்றாக அழித்து, 41 விநாடிக்கு இடம் எடுத்தோம்.